சுவர் நிழலும் பாஸ்போர்ட் போட்டோவும்



நான்கு லென்ஸ் போலராய்டு காலத்திலிருந்து ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஊட்டிக் குளிரில் ஃபிலிமை அக்குளில் இடுக்கிச் சூடேற்றினால்தான் நிறம் தேறும்! இன்றைய சப்ளிமேஷன் பிரிண்டர் மஞ்சள், மெஜந்தா, சயான் என ஒவ்வொன்றாக ஏற்றி, மேலே காப்புப் பூச்சும் பூசி, ஒரு நிமிடத்துக்குள் தாளைத் தள்ளிவிடுகிறது.

ஆனால் ஆளைச் சுவரோடு ஒட்டி உட்காரவைத்தால் எந்த மெஷினும் உதவாது. காதுக்குப் பின்னால் நிழல் விழும். மூன்றடி முன்னால் அமர்த்த வேண்டும். அளவும் பிசகக் கூடாது: அமெரிக்க விசாவுக்கு 2 அங்குலச் சதுரம், ஷெங்கனுக்கு 35க்கு 45 மில்லிமீட்டர். பிரிண்டர் தானாகச் சுருக்கும் வசதியை அணைக்காமல் அச்சிட்டு, அளவு குறைந்துபோனதால் ஒருவருக்கு நானே மறுபடி எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

வாசகர்களே, படம் கைக்கு வந்ததும் ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுக் காசு கொடுங்கள்.

– ஒரு ஸ்டுடியோக்காரர், உதகமண்டலம்