இரண்டு நிமிடப் படமும் ஒரு பக்கக் கட்டுரையும்

இந்தக் கோடை விடுமுறையில் நம் சங்கத்து இளைஞர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு மர்மப் படத்தின் தொடக்கக் காட்சியை எடுத்துத் திரையிட்டதை உறுப்பினர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். முழுப் படம் அல்ல. பெயர்கள் வந்துபோகும் முதல் இரண்டு நிமிடம் மட்டுமே. பாராட்டியவர்கள் உண்டு. "பிள்ளைகளுக்குத் திகில் படம்தானா சொல்லிக்கொடுக்க வேண்டும்? அந்த நேரத்தில் திருக்குறள் வகுப்பு நடத்தியிருக்கக் கூடாதா?" என்று கேட்டவர்களும் உண்டு. மும்பையில் கல்லூரி ஒன்றில் ஊடகப் பாடம் நடத்துபவன் என்ற முறையில் அந்தப் பிள்ளைகளுக்குத் துணையாக நின்றவன் நான். ஆகவே பதில் சொல்லும் பொறுப்பும் என்னுடையதே.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் படம் எடுத்தது நல்ல காரியம். எடுத்து முடித்த பிறகு அதைப் பற்றி ஆளுக்கொரு பக்கம் தமிழில் எழுதினார்களே, அது அதைவிட நல்ல காரியம். படத்தை எல்லோரும் பார்த்தீர்கள். அந்தப் பக்கங்களை யாரும் பார்க்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பக்கங்களுக்காக.

தொடக்கக் காட்சி மட்டும் ஏன் என்ற கேள்விக்கு வருகிறேன். இது நான் கண்டுபிடித்த முறை அல்ல. இங்கிலாந்தில் ஓ.சி.ஆர். என்னும் தேர்வு வாரியம் 2008-இல் கொண்டுவந்த ஊடகப் பாடத்திட்டத்தில் பள்ளி மாணவர்களுக்கு இருந்த செய்முறை வேலைகளில் ஒன்று இது: ஒரு புதிய கதைப்படத்தின் தலைப்பும் தொடக்கமும், இரண்டு நிமிடத்துக்கு மிகாமல். அதற்கு முன்னோட்டமாக ஒரு சிறு பயிற்சி. ஒருவர் கதவைத் திறந்து, அறையைக் கடந்து, இன்னொருவருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டொரு வார்த்தை பேச வேண்டும். கேட்பதற்கு எளிது. ஆனால் வெளியே கதவின் பிடியைத் தொட்ட கை உள்ளே வரும்போது அதே கையாக, அதே வேகத்தில் வரவேண்டுமே! அங்கேதான் பாடம் தொடங்குகிறது.

அந்தத் திட்டத்தில் என்னைக் கவர்ந்தது மதிப்பெண்ணைப் பிரித்த விதம். 100-இல் படத்துக்கு 60. ஆராய்ச்சிக்கும் திட்டமிடலுக்கும் 20. முடித்த பிறகு ஏழு கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்கு 20. மற்றப் படங்களின் மரபுகளில் எவற்றைப் பின்பற்றினாய், எவற்றை மீறினாய்? சமூகத்தில் எந்தப் பிரிவினரை எப்படிக் காட்டினாய்? யாருக்காக எடுத்தாய்? முதற்பயிற்சியைத் திரும்பிப் பார்க்கும்போது இப்போது என்ன கற்றிருக்கிறாய்? இப்படிப் போகும் அந்தக் கேள்விகள். நம் பள்ளிகளில் 'புராஜெக்ட்' என்றால் என்ன நடக்கிறது என்பது பெற்றோர் அனைவரும் அறிந்ததே. அட்டை போட்டு, மினுமினுப்புத் தாள் ஒட்டி, ஒப்படைத்ததும் தீர்ந்தது. செய்தவன் என்ன கற்றான் என்று யாரும் கேட்பதில்லை.

இனி நம் பிள்ளைகள் விஷயம். சங்கம் கொடுத்தது ரூ. 2,000. அவர்கள் முதலில் எழுதிக்கொண்டு வந்த கதையில் ஓர் ஆள்கடத்தல், இரண்டு துப்பாக்கி, கொட்டும் மழை, தாதர் ரயில் நிலையத்தில் ஒரு துரத்தல் எல்லாம் இருந்தன. ரயில் நிலையத்தில் படம் எடுக்க ரயில்வேயிடம் அனுமதி பெறவேண்டும், பணமும் கட்டவேண்டும் என்று தெரிந்ததும் முகம் வாடிப்போயிற்று. மழை வராது, கார் கிடைக்காது, துப்பாக்கி கூடவே கூடாது என்றேன். "அப்புறம் என்னதான் சார் மிச்சம்?" என்றான் ஒருவன். மாடிப்படி மிச்சம் என்றேன். செம்பூரில் ஒரு பெண்ணின் குடும்பம் வசிக்கும் கட்டடத்தின் மாடிப்படியை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான்கு மணி நேரத்துக்குக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் அனுமதித்தார்.

கையில் காசு இல்லாதபோது மூளை வேலை செய்யும் என்பதற்குத் திரையுலகில் சான்றுகள் ஏராளம். கிறிஸ்டோபர் நோலன் தம் முதல் படமான 'ஃபாலோயிங்' (1998) படத்தை நண்பர்களை நடிக்கவைத்து, வாரக் கடைசிகளில், கிடைத்த வெளிச்சத்தில், கறுப்பு வெள்ளையில் எடுத்தார். ஃபிலிம் வீணாகக் கூடாது என்பதற்காக முன்கூட்டியே பலமுறை ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் கேமராவை ஓடவிட்டார்கள். பெரும்பெயர் பெற்ற பிறகும் ஹிட்ச்காக் 'சைக்கோ' (1960) படத்தைச் செலவைக் குறைக்கத் தம் தொலைக்காட்சிக் குழுவைக் கொண்டே எடுத்தார். நம் பக்கத்தில், சென்னைத் திரைப்படக் கல்லூரி மாணவர்கள் கூட்டாகச் சேர்ந்து கொடுத்த 'ஊமை விழிகள்' (1986) ஒரு மர்மப் படம்தானே!

நம் பிள்ளைகள் கடைசியில் எடுத்த கதை இது. ஒரு கல்லூரிப் பெண் படியேறி வீட்டுக்கு வருகிறாள். எதிர்வீட்டில் தனியாக ஒரு பாட்டி இருக்கிறார். அந்தக் கதவில் மாட்டியிருக்கும் பையில் பால் பாக்கெட் எடுக்கப்படாமல் கிடக்கிறது. வாசலில் மூன்று நாள் செய்தித்தாள். மணியை அடிக்கிறாள், பதில் இல்லை. திரும்பப் போகும்போது உள்ளே இருந்து குக்கர் விசில் சத்தம். மூன்று நாளாகக் கதவு திறக்காத வீட்டில் சமைப்பது யார்?

மும்பை அடுக்குமாடியில் வாழ்கிற எவருக்கும் இது உடனே உறைக்கும். பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாமல் பத்து வருடம் இருக்கிறோமே, அந்தக் குற்ற உணர்ச்சியும் அதில் சேர்ந்திருக்கிறது. கத்தி இல்லை, ரத்தம் இல்லை. செலவுக் கணக்கும் சொல்லிவிடுகிறேன்: வடா பாவும் தேநீரும் ரூ. 620, முக்காலி வாடகை ரூ. 500, படிக்கட்டு ஜன்னலை இருட்டாக்கக் கறுப்பு அட்டை ரூ. 140, வெளிச்சத்தைத் திருப்பத் தெர்மோகோல் ரூ. 60, செய்தித்தாள் ரூ. 40. ஆக மொத்தம் ரூ. 1,360. கேமரா, கையில் இருந்த செல்பேசிதான். குக்கர் சத்தத்தை ஒரு வீட்டுச் சமையலறையில் தனியாகப் பதிவு செய்தார்கள். சரியான விசில் கிடைப்பதற்குள் பருப்பு கூழாகிவிட்டது என்று அந்த அம்மா குறைப்பட்டுக்கொண்டார்.

தொழில்நுட்பத் தவறுகளுக்கும் குறைவில்லை. நடிப்பவரின் இயக்கத்தின் திசையிலேயே ஒரு கற்பனைக் கோடு போட்டுக்கொண்டு கேமரா அதன் ஒரே பக்கத்தில் நிற்கவேண்டும் என்பது 180 டிகிரி விதி. அதை மறந்து மறுபக்கம் போய் எடுத்ததில், நான்காம் மாடிக்கு ஏறிக்கொண்டிருந்த பெண் நடுவில் இறங்கிப் போவதுபோல் ஆகிவிட்டது. இரண்டாம் மாடியில் கையில் இருந்த கடிகாரம் மூன்றாம் மாடியில் காணாமற்போயிற்று. இவையெல்லாம் படத்தொகுப்பில் உட்காரும்போதுதான் தெரியும். தெரிந்தவுடன் மறுபடி படியேறினார்கள்.

படம் முடிந்தது. முதல் தொகுப்பை எங்களுக்குள் போட்டுப் பார்த்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். அத்துடன் வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. ஆளுக்கொரு பக்கம், தமிழில், மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதி வரச் சொன்னேன். எது சரியாக வந்தது? எது வரவில்லை? யாரை எப்படிக் காட்டினோம்? ஐவரில் இருவருக்குத் தமிழ் பேச வரும், எழுதத் தடுமாற்றம். ஒருத்தி வாயால் சொல்ல, அவள் அம்மா எழுத, பிறகு அதைப் பார்த்துத் தன் கையால் எழுதிக்கொண்டு வந்தாள். எப்படி வந்தால் என்ன, சிந்தனை அவளுடையது.

அந்தத் தொகுப்பின் கடைசியில் இன்னொரு காட்சி இருந்தது. குக்கர் விசிலுக்குப் பிறகு, கீழ்ப்படியில் காவலாளி ஒருவர் நின்று மேலே வெறித்துப் பார்ப்பார். பின்னணியில் கனத்த ஓர் ஒலி. பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி தன் பக்கத்தில் இதைப் பற்றி எழுதியிருந்தாள். அவள் சொன்னதன் சாரம் இது: "காவலாளியாக நடித்தது என் அண்ணன். ஆனால் தொப்பியும் தடியும் எங்கள் கட்டடத்துக் காவலாளி அண்ணன் கொடுத்தவை. பீகாரிலிருந்து வந்தவர். காலையிலிருந்து லிஃப்டை நிறுத்தி வைத்து எங்களுக்கு உதவினார். யார் மேல் சந்தேகம் வரவேண்டும் என்று யோசித்தபோது ஐந்து பேருக்கும் ஒரே நொடியில் அவர்தான் தோன்றினார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவர் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்?"

இதைப் படித்தபோது இந்த நகரத்தில் நம்மவர் பட்டதெல்லாம் நினைவுக்கு வந்தது. 1960-களின் பிற்பகுதியில் இங்கே தென்னிந்தியர்களுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியை நம் மூத்த உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிழைக்க வந்தவன் என்று நம்மையும் சந்தேகக் கண்ணோடு பார்த்த காலம் அது. இந்தித் திரைப்படத்தில் 'மதராசி' என்றால் கோமாளி. 'படோசன்' (1968) படத்தில் மெஹ்மூத் போட்ட பாட்டு வாத்தியார் வேடத்தைப் பார்த்து ஊரே சிரித்தது; நம்மில் சிலரும் சிரித்தோம், சிலர் பல்லைக் கடித்துக்கொண்டோம். அன்று கேலிக்கு நாம் கிடைத்தோம். இன்று சந்தேகத்துக்கு ஒரு பீகார்க்காரர் கிடைக்கிறார். மர்மப் படத்துக்கு அஞ்சத் தக்க ஓர் ஆள் வேண்டும். யாரைக் கை காட்டுகிறோம் என்பதில் நம் மனம் வெளியே வந்துவிடுகிறது. வெளியே வந்ததைத் திரும்பிப் பார்க்க வைத்தது அந்த ஒரு பக்கம்தான்.

ஐந்து பேரும் கூடிப் பேசினார்கள். அந்தக் காட்சியை வெட்டினார்கள். படம் பத்து விநாடி குறைந்தது. வேடிக்கை என்னவென்றால், படம் முன்னைவிடப் பயங்கரமாகிவிட்டது! காவலாளியைக் காட்டியவுடன் 'ஓ, இவன்தானா' என்று மனம் அடங்கிவிடுகிறது. யாரையும் காட்டாமல் விசிலோடு நிறுத்தினால் கேள்வி வீடு வரை வருகிறது. மேசைக்கு அடியில் குண்டு இருப்பது பார்ப்பவருக்கு முன்பே தெரிந்திருந்தால், மேசையில் நடக்கும் வெட்டிப் பேச்சும் பதற வைக்கும். தெரியாமல் வெடித்தால் ஒரு கணத் திடுக்கிடல்தான் என்று ஹிட்ச்காக் விளக்கியதை அவர்களுக்குச் சொல்லியிருந்தேன். இரண்டையும் 'த்ரில்' என்ற ஒரே சொல்லால் குறித்துக்கொண்டிருந்தவர்கள், தமிழில் எழுத உட்கார்ந்தபோது 'திடுக்கிடல்' வேறு, 'பதைப்பு' வேறு என்று தாமே பிரித்துக்கொண்டார்கள். மொழி வகுப்பு இதைவிட வேறென்ன செய்யும்?

அடுத்த வாரம் அவர்களுக்கு 'அந்த நாள்' (1954) படத்தைப் போட்டுக் காட்டினேன். வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் இயக்கி, ஏ.வி.எம். தயாரித்த படம். பாட்டும் நடனமும் இல்லை. தொடக்கத்திலேயே ஒரு துப்பாக்கிச் சத்தம். சிவாஜி கணேசன் விழுகிறார். கதாநாயகனைத் தொடக்கத்திலேயே சாகடித்த துணிச்சலைப் பிள்ளைகள் வியந்தார்கள். ஆனால் அந்தப் பெண் கவனித்தது வேறு. மனைவி, தம்பி, தம்பி மனைவி, பழகிய பெண், அடுத்த வீட்டுக்காரர் என்று சந்தேகம் வீட்டையும் வீட்டைச் சுற்றியும்தான் வலம் வருகிறது. தெருவில் போகிற ஏழையின் தலையில் விழவில்லை. "எழுபது வருடத்துக்கு முன்னாடியே யோசிச்சிருக்காங்க சார்" என்றாள்.

திருக்குறள் வகுப்பு கேட்ட நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே வைத்தார். ஆராயாமல் நம்புவதும் தவறு, நம்பியவரிடம் ஐயம் கொள்வதும் தவறு என்பது அதன் சாரம். அந்தப் பெண் குறளை மனப்பாடம் செய்யவில்லை. ஆனால் குறள் சொன்ன வேலையைச் செய்தாள். மனப்பாடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, இரண்டும் வேண்டும்.

ஆகவே செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் இதுதான். பொங்கல் விழாவில் திரைப்பாடலுக்கு ஆடும் ஆடைகளுக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, ஆண்டுதோறும் இளைஞர்களுக்கு இந்த இரண்டு நிமிடத் தொடக்கக் காட்சிப் போட்டியை நடத்தலாம். செலவு ரூ. 2,000-ஐத் தாண்டக் கூடாது. ஆயுதம் கூடாது. படத்தோடு ஒவ்வொருவரும் தம் கைப்படத் தமிழில் ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும். தராவிட்டால் படத்தை ஏற்கக் கூடாது. எழுதத் தடுமாறுபவர்களுக்குச் சங்கத்துப் பெரியவர்கள் உடன் உட்கார்ந்து உதவலாம். பாட்டியும் பேத்தியும் சேர்ந்து உட்கார அதுவும் ஒரு வாய்ப்பு. நல்ல பக்கங்களை இந்த இதழிலேயே வெளியிடலாம்.

படம் பார்த்துக் கைதட்டியவர்களும் முகம் சுளித்தவர்களும் தங்கள் எண்ணத்தை ஆசிரியருக்கு எழுதுங்கள். போட்டி நடக்குமானால், படியேறி இறங்கிப் படத்தொகுப்பு சொல்லிக்கொடுக்க நான் தயார்.