அன்பையும் அளந்துதான் போடணும்

சென்னையிலிருந்து இந்தப் பக்கம் வர்றவங்க என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்வி இது. "எங்க நாய் ரொம்ப குண்டாயிடுச்சுங்க. ரெண்டு மாசம் உங்க மாகறல் வயக்காட்டுல விட்டா இளைச்சிடுமில்ல?"

இளைச்சிடும். உண்ணி ஏறும், வயித்துல புழு வைக்கும், தெருநாய்ங்க சேர்ந்து கடிக்கும். அதுலயே பாதி உடம்பு போயிடும். எங்க ஊர் நாய்ங்க ஒல்லியா இருக்கறதைப் பார்த்து ஆரோக்கியம்னு நினைச்சுக்காதீங்க. அதுல பாதி பசி, மீதி குடற்புழு. செய்யாத்தங்கரை காத்துக்கு நாயை இளைக்க வைக்கிற சக்தியெல்லாம் கிடையாது. உங்க நாய் குண்டானது வயக்காடு இல்லாததால இல்லை. உங்க வீட்டுல எத்தனை கை அதுக்குச் சோறு போடுதுன்னு யாரும் கணக்கு வெக்காததால.

கணக்குன்னு சொன்னதும் சிலருக்குக் கோபம் வரும். ஆனா மாடு வளர்க்கறவன் கணக்கில்லாம தீவனம் போடவே மாட்டான். ரெண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ அடர்தீவனம்னு ஒரு மனக்கணக்கு எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கும். பால் வத்தின சினை மாட்டுக்குப் பாசத்துல புண்ணாக்கும் தவிடும் அள்ளிப்போட்டா கொழுத்துப்போயி கன்னு போட முடியாம தவிக்கும். கன்னு போட்ட பிறகும் தீனி எடுக்காம கீட்டோசிஸ்னு படுத்துக்கும். பாசமா போட்ட தீனியே மாட்டைப் படுக்க வெக்கும்ங்கறது இங்க சின்னப் பசங்களுக்கும் தெரியும்.

நாய்க்கும் அதே கண்ணுதான் வேணும். விலாப்பக்கம் உள்ளங்கையை வெச்சு லேசா தடவுங்க. எலும்பு கண்ணுக்குத் துருத்திக்கிட்டு தெரியக்கூடாது, கைக்குத் தட்டுப்படணும். அழுத்தித் தேட வேண்டியிருந்தா எடை கூடிப்போச்சு. மேலேருந்து பார்த்தா இடுப்பு கொஞ்சம் உள்வாங்கியிருக்கணும். சிப்பிப்பாறை மாதிரி வேட்டை நாய்க்கு விலா தெரியறது பிறவி வாகு. அதைப் பார்த்து "ஐயோ பாவம்"னு கூடுதலா போட்டுக் கெடுக்காதீங்க. எங்க ஊர்க் கோயில் கதையில சாமி பொன் உடும்பா வந்து புத்துக்குள்ள புகுந்துக்கிட்டார்னு சொல்லுவாங்க. அந்த உடும்பை அபார்ட்மெண்ட்ல வளர்த்திருந்தா புத்து வாசல்லயே மாட்டியிருக்கும்!

தாம்பரத்துல எங்க அக்கா வீட்டுல புருனோன்னு ஒரு லேப்ரடார் இருக்கான். ஏழு வயசு, 44 கிலோ. படி ஏற முடியலை, பத்தடி நடந்தா உக்காந்துக்கறான். மாமாவுக்குச் சுகர். மிக்சர், ஜாங்கிரி எதையும் அவர் தொடக்கூடாது. அதனால வாங்கி வந்து புருனோவுக்குப் போட்டு அவன் தின்னறதைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பார். நான் ஒருதரம் சொன்னேன், "மாமா, இது அவனுக்கு நல்லதில்லை." "நீ விவசாயி மாப்ள. உனக்கு மாடுன்னா வரும்படி. எனக்கு இவன் புள்ளை மாதிரி"ன்னுட்டார். அதுக்கு என்ன பதில் சொல்றது? புள்ளைங்க ரெண்டும் வெளிநாட்டுல. வீட்டுல அவர் கையால வாங்கித் தின்ன இருக்கறது புருனோ மட்டும்தான். அந்த மனசை நான் குறை சொல்லலை. ஆனா அந்த மிக்சரைச் செரிக்கிறதும், அந்த எடையைத் தூக்கி நடக்கிறதும் புருனோ. வேணாம்னு சொல்ல அவனுக்கு வாயும் கிடையாது.

"ஒரு பிஸ்கட் தானே"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு கணக்கு. ஒரு மேரி பிஸ்கட்டுல சுமார் 25 கலோரி. வீட்டுக்குள்ளயே கிடக்கற 5 கிலோ பொமரேனியனுக்கு ஒரு நாளைக்கு 300 கலோரி சொச்சம் போதும். அப்பா, அம்மா, பாட்டி, பையன்னு ஆளுக்கொண்ணு போட்டா 100 கலோரி ஆச்சு. நம்ம கணக்குல சொன்னா, மூணு வேளை சாப்பிட்ட பிறகு தினமும் நாலாவதா ஒரு முழுச் சாப்பாடு. இதுல திராட்சை போட்ட பாயசம், சக்கரைப் பொங்கல் வேற. திராட்சை நாய்க்குச் சிறுநீரகத்தையே கெடுத்துடும். அது எடை விஷயம்கூட இல்லை, விஷம்.

இந்தப் பழக்கம் நாயோட நிக்கலை. நம்ம கோயில் யானைங்களைப் பாருங்க. காட்டுல நாளெல்லாம் நடந்து புல்லும் தழையும் மேயற ஜீவன் அது. அதைக் கல்தரையில நிறுத்தி வெச்சு, வர்றவங்கல்லாம் வாழைப்பழம், தேங்காய், வெல்லம்னு ஊட்டுறோம். 2003-ல முதுமலை தெப்பக்காட்டுல அரசு புத்துணர்வு முகாம் ஆரம்பிச்சது. பின்னாடி மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியில பவானி ஆத்தோரமா நடந்தது. வந்ததும் எடை போட்டு, காலையும் மாலையும் நடக்க வெச்சு, குளிப்பாட்டி, மருத்துவர் சொன்ன அளவுல தீவனம் கொடுத்தாங்க. 48 நாள், ஒரு மண்டலம். நல்ல ஏற்பாடுதான். ஆனா 49-வது நாள் யானை எங்க போச்சு? அதே கோயில், அதே கல்தரை, அதே வாழைப்பழத் தாருக்கு. "ரெண்டு மாசம் ஊர்ல விடறேன்"னு சொல்றவங்களுக்கு இதைத்தான் நான் காட்டுவேன். நெல்லையப்பர் கோயில் காந்திமதி யானைக்கு எடை கூடினப்ப இருக்கற இடத்துலயே தீனியைக் குறைச்சு, தினமும் நடக்க வெச்சு எடையைக் குறைச்சாங்க. மூட்டு வலிக்காக 2022-ல பக்தர்கள் 12,000 ரூபாய்க்கு தோல் செருப்பு செஞ்சு போட்டாங்க. 2025 ஜனவரியில அது இறக்கற வரைக்கும் அந்த ஊரே அதைப் பார்த்துக்கிட்டது. செருப்பு போட்டதும் அன்புதான், தீனியைக் குறைச்சதும் அன்புதான். ரெண்டாவதை நாம போட்டோ எடுக்கறதில்லை, அவ்வளவுதான்.

லேப்ரடார் வெச்சிருக்கறவங்களுக்குத் தனியா ஒண்ணு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காரங்க 2016-ல கண்டுபிடிச்சாங்க: ஏறக்குறைய நாலுல ஒரு லேப்ரடாருக்குப் பசியைக் கட்டுப்படுத்தற ஒரு மரபணுவுல கோளாறு இருக்கு. அந்த நாய்க்கு எவ்வளவு தின்னாலும் பத்தாத மாதிரியே இருக்கும். அது பாவமா பார்க்கிறதை நம்பித் தட்டை நிரப்பினா முடிவே கிடையாது. இன்னொரு ஆய்வு 2002-ல வெளியானது. 48 லேப்ரடார்களை (இங்கயும் 48!) சோடி சோடியா பிரிச்சு, சோடியில ஒண்ணுக்கு மட்டும் கால்பங்கு தீனியைக் குறைச்சு ஆயுசு முழுக்க கவனிச்சாங்க. குறைச்சுத் தின்ன நாய்ங்க ஏறக்குறைய ரெண்டு வருஷம் கூடுதலா இருந்துதுங்க. மூட்டு வலியும் தாமதமாத்தான் வந்தது.

அக்காகிட்ட இதைச் சொன்ன பிறகுதான் புருனோவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. நீங்களும் முதல்ல அங்கதான் போகணும், சென்னைன்னா வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. தைராய்டு குறைஞ்சாலும் நாய் குண்டாகும், அதைப் பட்டினி போட்டுச் சரி பண்ண முடியாது. கருத்தடை செஞ்ச நாய்க்குத் தீனித் தேவை கால்பங்கு குறைஞ்சிடும், பலர் பழைய அளவையே போட்டுக்கிட்டிருப்பாங்க. குறைக்கறதும் மெதுவாத்தான், வாரத்துக்கு உடம்பு எடையில நூத்துக்கு ஒண்ணு, மிஞ்சினா ரெண்டு. பூனை வெச்சிருக்கறவங்க இன்னும் ஜாக்கிரதை. குண்டுப் பூனை ரெண்டு மூணு நாள் சாப்பிடாம இருந்தாலே கல்லீரல்ல கொழுப்பு படிஞ்சு உயிருக்கே ஆபத்தாயிடும். அதைப் பட்டினி போடவே கூடாது.

புருனோ 34 கிலோவுக்கு வரணும். வாரத்துக்கு 400 கிராம் குறைஞ்சாலே ஆறு மாசம் ஆயிடும். வீட்டுல இப்ப சோறு வெக்கிறது அக்கா மட்டும், ஒரே டம்ளர் அளவு. விடிகாலையில தார்ரோடு சூடேறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் நடை. மாமாவுக்கு மிக்சர் டப்பாவுக்குப் பதிலா வேகவெச்ச கேரட், பீன்ஸ் துண்டு ஒரு கிண்ணத்துல. அன்னன்னைக்குத் தீனியில பத்துல ஒரு பங்குக்கு மேல போகாம அவர் கையாலயே கொடுக்கலாம். மாசம் ஒருதரம் யாராவது அவனைத் தூக்கிக்கிட்டு எடை மிஷின்ல ஏறி, தன் எடையைக் கழிச்சு, நாள்காட்டியில எழுதணும். 34-ஐத் தொட்ட பிறகும் அந்த எழுத்து நிக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன்.

போன மாசம் 42-ன்னு எழுதியிருந்தது. கேரட்டை அவன் முதல்ல மோந்து பார்த்துட்டுப் போயிட்டானாம். இப்ப மாமா கிண்ணத்தை எடுத்தாலே வாலாட்டறானாம்.