சோற்றுக்குப் பதில் சப்பாத்தி: சர்க்கரை ஏன் குறையவில்லை?

"இரவில் சோற்றை நிறுத்தி ஆறு மாதமாகிறது, டாக்டர். சப்பாத்திதான் சாப்பிடுகிறேன். காலையில் கேழ்வரகுக் கஞ்சி. ஆனாலும் சர்க்கரை குறையவில்லையே?"

தொற்றா நோய்ப் பிரிவில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இவ்வாறு கேட்பவர்கள் கட்டுப்பாடு இல்லாதவர்கள் அல்லர். பழகிய உணவையே விட்டுக்கொடுத்தவர்கள். பலன் கிடைக்காதபோது அவர்கள் மனம் தளர்ந்து, மருந்தையும் கைவிடும் அபாயம் உண்டு. எனவே இக்கேள்விக்குத் தெளிவான விடை தேவை.

ஆய்வு கூறுவது என்ன?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'இன்டியாப்' ஆய்வு 2023-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது. தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் இது 14.4 விழுக்காடு. அதே ஆய்வின் உணவுப் பழக்கம் குறித்த முடிவுகள் 2025-இல் வெளிவந்தன. நாம் பெறும் மொத்த ஆற்றலில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தும், சுமார் 12 விழுக்காடு மட்டுமே புரதத்திலிருந்தும் கிடைப்பதாக அவை காட்டுகின்றன.

மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், தீட்டிய தானியத்துக்குப் பதிலாகக் கோதுமையையோ சிறுதானியத்தையோ உண்பதால் மட்டும் நீரிழிவு அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தின் ஒரு சிறு பகுதிக்குப் பதிலாகப் பருப்பு, பயறு, பால் பொருள்கள் ஆகியவற்றின் புரதத்தைச் சேர்ப்பது குறைந்த அபாயத்துடன் தொடர்புடையதாக இருந்தது. இது ஒரு தொடர்பைக் காட்டும் ஆய்வே. காரணத்தை உறுதிசெய்வது அன்று. எனினும் நோயாளிகளிடம் நாம் காண்பதோடு அது பொருந்துகிறது.

தானியத்தின் பெயரன்று, அளவே முதன்மை

100 கிராம் தீட்டிய அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து உள்ளது. கேழ்வரகில் சுமார் 67, கோதுமை மாவில் 64, கம்பில் 62 கிராம். வேறுபாடு உண்டு, ஆனால் பெரிதன்று. ஒரு தட்டுச் சோற்றை விட்டு நான்கைந்து சப்பாத்தி உண்டால், உடலுக்குச் சேரும் மாவுச்சத்து ஏறக்குறைய அதேதான்.

சமைக்கும் முறையும் முக்கியம். தானியத்தை நைசாக அரைத்துக் கூழாகவோ கஞ்சியாகவோ குடித்தால் விரைவில் செரித்து, சர்க்கரை வேகமாக உயரும். பழத்தைச் சாறாக்கினாலும் இதுவே நிகழும். சிறுதானியத்தில் நார்ச்சத்தும் தாதுக்களும் மிகுதி. ஆகவே அவற்றை உண்ணலாம், அளவோடு.

உங்கள் தட்டில் செய்ய வேண்டியவை

• தட்டின் பாதியைக் காய்கறி, கீரையால் நிரப்புங்கள். கால் பகுதி பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீன். எஞ்சிய கால் பகுதி மட்டுமே சோறு அல்லது சப்பாத்தி.
• முதலில் காய்கறியும் புரதமும், இறுதியில் சோறும் உண்ணுங்கள். உணவுக்குப் பின் சர்க்கரை உயர்வது மட்டுப்படும்.
• புரதத்துக்கு அதிகச் செலவு வேண்டியதில்லை. நியாயவிலைக் கடைத் துவரம் பருப்பும், பச்சைப்பயறும், மோரும் போதுமானவை. சாம்பாரில் தெளிவை மட்டும் ஊற்றாமல் பருப்போடு சேர்த்து ஊற்றுங்கள்.

உணவுக்கு அப்பால்

உணவுக்குப் பின் 10 முதல் 15 நிமிடம் நடந்தால் தசைகள் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். நேரம் கடந்து உண்ணும் இரவு உணவு, உறக்கக் குறைவு, மன உளைச்சல் ஆகியவை சர்க்கரையை உயர்த்தும். இரவில் கல்லீரலும் சர்க்கரையை வெளியிடுவதால், இரவு உணவைத் தவிர்த்தாலும் காலை வெறும் வயிற்று அளவு உயர்ந்திருக்கலாம். அது உங்கள் தவறன்று. மருந்தை மாற்றியமைக்க வேண்டியதன் அறிகுறியாக இருக்கலாம்.

கவனம் தேவை

இன்சுலின் அல்லது சர்க்கரையை வெகுவாகத் தாழ்த்தும் மாத்திரை எடுப்பவர்கள், மருத்துவரைக் கேளாமல் சோற்றைத் திடீரெனக் குறைக்கக் கூடாது. வியர்வை, நடுக்கம், படபடப்பு தோன்றினாலோ சர்க்கரை 70-க்குக் கீழ் சென்றாலோ உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதிக்க வேண்டும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மருத்துவரின் ஆலோசனையின்றிப் புரதத்தைக் கூட்டக் கூடாது.

அடுத்த முறை வரும்போது, மூன்று நாள்கள் உண்டவற்றை அளவோடும் நேரத்தோடும் எழுதி வாருங்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், உணவுக்கு முன்னும், உண்ணத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்த அளவைக் குறியுங்கள். எந்த உணவு உங்கள் சர்க்கரையை உயர்த்துகிறது என்பதை அந்தத் தாளே காட்டிவிடும். அதுவரை மருந்தை நிறுத்தாதீர்கள்.