எம்டனைத் தெரியும், செத்தவனைத் தெரியுமா?

"அவன் சரியான எம்டன்யா!" என்று நீங்களும் யாரையாவது சொல்லியிருப்பீர்கள். லேசில் மாட்டாதவன், காரியத்தை முடித்துவிட்டு நழுவுகிறவன் என்று அர்த்தம். 2006ல் ஒரு படத்துக்கே 'எம்டன் மகன்' என்று பெயர் வைத்து, தமிழ்ப் பெயருக்குத்தான் வரிவிலக்கு என்றதும் 'எம் மகன்' ஆக்கினார்கள். அந்த அளவுக்கு எம்டன் நமக்குச் சொந்தம்.

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி வாக்கில் இந்த ஜெர்மன் போர்க்கப்பல் நம் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. சுமார் 125 குண்டுகள் போட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அரை மணி நேரத்துக்குள் ஆட்டத்தை முடித்துக்கொண்டு போய்விட்டது. கேப்டன் பெயர் கார்ல் ஃபான் முல்லர். குண்டு விழுந்த ஹைகோர்ட் சுவரில் அதற்கு ஒரு கல்வெட்டும் இருக்கிறது.

இப்போது ஒரு சின்னக் கேள்வி. அன்றைக்குச் செத்தவர்கள் யார்?

துறைமுகத்தில் நின்றிருந்த வணிகக் கப்பலின் மாலுமிகள் என்பார்கள். ஐந்து பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அந்தக் கணக்கே புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது. சரி, ஐந்து என்றே வைத்துக்கொள்வோம். ஒரே ஒருவர் பெயர் சொல்லுங்கள் பார்க்கலாம். மயிலாப்பூரில் கேளுங்கள், தி.நகரில் கேளுங்கள், அடையாறில் கேளுங்கள். கப்பல் பெயர் வரும், கேப்டன் பெயர் வரும். செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தார் என்ற கதையும் வரும். அந்தச் சமயத்தில் அவர் ஐரோப்பாவில் இருந்தார். எம்டனில் வந்ததற்கு ஆதாரம் கிடையாது. வராதவரை ஞாபகம் வைத்துக்கொண்டோம். செத்தவனை மறந்துவிட்டோம்.

ஜெர்மனியில் என்ன செய்தார்கள் தெரியுமா? அதே வருஷம் நவம்பர் 9ந் தேதி கோகோஸ் தீவுகள் அருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி, எம்டனை அடித்து வீழ்த்தியது. எம்டன்காரர்கள் 130 பேருக்கு மேல் செத்தார்கள். உயிர் தப்பியவர்கள் தங்கள் குடும்பப் பெயரோடு 'எம்டன்' என்று பரம்பரையாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று பிற்பாடு அனுமதி கொடுத்தார்கள். அங்கே எம்டன் ஒரு பேரனுடைய பெயரில் இருக்கிறது. இங்கே வெறும் வசவாகவும் பாராட்டாகவும் இருக்கிறது.

'வெள்ளைக்காரன் கப்பலில் கூலிக்குப் போனவன்தானே, அவனுக்கு எதற்கய்யா நினைவுச் சின்னம்?' என்று சிலர் கேட்பார்கள். கூலிக்குத்தான் போனான். பசிக்குப் போனான். வெள்ளைக்கார மாலுமி வாங்கிய சம்பளத்தில் பாதிகூட வாங்காமல், கீழே கொதிக்கும் கொதிகலன் அறையில் கரி அள்ளிப் போட்டான். டார்பிடோ வெடித்தால் முதலில் தண்ணீர் புகுவது பெரும்பாலும் அந்த அறையில்தான். 'கப்பலோட்டிய தமிழ'னுக்குச் சிலை வைத்தோம், 1961ல் படம் எடுத்தோம், ரொம்பச் சரி. கப்பலில் கரி அள்ளிய தமிழனுக்கு ஒரு வரிகூடவா கிடையாது?

இரண்டாம் உலகப் போரில் மட்டும் இந்திய வணிகக் கப்பல் மாலுமிகள் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். வங்காளம், கொங்கணம், கோவா ஆட்கள் அதிகம். நம் கரையோரத்துக் கலாசிகளும் உண்டு. லண்டன் டவர் ஹில்லில் அந்தப் போரில் இறந்த வணிக மாலுமிகள் கிட்டத்தட்ட 24,000 பேரின் பெயர்களைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். நம்மவர்கள் பெயர்களை அங்கே பொறிக்கவில்லை. ஏட்டில் எழுதி ஒன்றை மும்பையிலும் ஒன்றைச் சிட்டகாங்கிலும் வைத்தார்கள். வெள்ளைக்காரனுக்குச் சுவர், நமக்கு நோட்டுப் புத்தகம்! முதல் உலகப் போரில் இந்தியர், ஆப்பிரிக்கர் என்று லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி நினைவுகூரவில்லை, ஒருவேளை அறவே நினைவுகூராமலும் விட்டிருக்கலாம் என்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021ல் ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது.

அவர்கள் செய்தது அநியாயம். நாம் என்ன செய்தோம்?

உங்கள் கொள்ளுத் தாத்தா கப்பலில் போய்த் திரும்பி வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆணையத்தின் இணையதளத்தில் தேடலாம். அங்கே பல பேருக்கு ஒற்றைப் பெயர், வேலை, கப்பல், தேதி, அவ்வளவுதான். முத்துசாமியை ஆங்கில குமாஸ்தா எத்தனை விதமாக எழுதினானோ அத்தனை விதமாகவும் தேட வேண்டும். குடும்ப வரலாறு தேடும் வசதிகள் எல்லாம் குடும்பப் பெயரை வைத்துக் கட்டியவை. நமக்கு இருப்பது இனிஷியல். ஒரு வெள்ளைக்காரரின் பாட்டி கோட்டை செயின்ட் மேரீஸ் சர்ச்சில் கல்யாணம் செய்துகொண்டிருந்தால், சென்னை மாகாணத்துச் சர்ச் பதிவேடுகளின் நகல் லண்டனில் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்துவிடுவார். கடலில் செத்த நம் ஆளுக்கு ஊர்ப் பதிவேட்டிலும் பெயர் ஏறியிருக்காது. மிச்சம் இருப்பது வீட்டு டிரங்குப் பெட்டி ஒன்றுதான். அதையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டோம்.

தி.நகரில் அரை கிரவுண்டு வாங்க முப்பது வருஷ வில்லங்கம் பார்க்கிறோம். மனுஷனுக்குப் பார்க்கிறோமா? தர்ப்பணத்தில் அப்பா, தாத்தா, கொள்ளுத் தாத்தா என்று மூன்று பெயர். நாலாவது பெயர் கேட்டால் வாத்தியார் முகத்தைப் பார்ப்போம். செத்த தேதி தெரியாதவர்களுக்கும் சேர்த்து மகாளய அமாவாசை என்று ஒரு நாள் வைத்தார்கள் பெரியவர்கள். தேதி தெரியாமலே போகட்டும் என்று அர்த்தமா அதற்கு? தெரியாதவனையும் விட்டுவிடாதே என்று அர்த்தம்.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. 1971 டிசம்பர் 9ந் தேதி குக்ரி போர்க்கப்பல் மூழ்கி 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தார்கள். அவர்களுக்கு டையூவில் நினைவிடம் கட்டினோம். சீருடை போட்டவனுக்குச் செய்ததைக் கரி அள்ளியவனுக்கும் செய்யலாம்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில், தாத்தாவைத் தேடி வருகிற சாதாரண ஜனங்களுக்கென்று ஒரு மேஜை போடட்டும். மும்பை ஏட்டில் நம் ஊர்க்காரர் யார் யார் என்று அரசாங்கம் ஆள் போட்டுத் தேடித் தமிழில் வெளியிடட்டும். ஏப்ரல் 5ந் தேதி தேசியக் கடல்சார் தினத்தன்று மேடையில் பொன்னாடை போர்த்துவதற்கு முன் அந்தப் பெயர்களை வாசிக்கட்டும். 1914ல் இறந்தவர்களின் பெயர்களைத் தோண்டி எடுத்துத் துறைமுக வாசலில் பொறிக்கட்டும்.

அரசாங்கம் செய்கிறபோது செய்யட்டும். உங்கள் வீட்டில் எண்பது வயசுப் பாட்டி இருக்கிறாரா? இந்த ஞாயிற்றுக்கிழமை சீரியலை அணைத்துவிட்டு ஒரு நோட்டும் பேனாவுமாக உட்காருங்கள். யார் யார் கப்பலேறினார்கள், எந்த ஊர் துறைமுகத்திலிருந்து, கடைசிக் கடிதம் எப்போது வந்தது என்று கேளுங்கள். தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் போய்விட்டால் அந்த மாலுமி இரண்டாம் தடவை செத்துப்போவான். அதற்கு ஜெர்மன்காரனையும் வெள்ளைக்காரனையும் குற்றம் சொல்ல முடியாது.