ஏழாம் வாய்பாடும் ஒரு கூடை தேசிக்காயும்

"ஏழெட்டு எத்தனை?" என்று வகுப்பிலே நாம் வினவினால், பிள்ளைகள் சிலர் உடனே விடை பகர்வதில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "ஓரேழ் ஏழு, ஈரேழ் பதினான்கு" என்று அடியிலிருந்து முணுமுணுக்கத் தொடங்கிவிடுவர். இடையில் ஓரடி தவறினால், முதலிலிருந்து மீண்டும் தொடங்கல் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு அதுவும் இயலவில்லை. மூவேழுக்கு அப்பால் அவன் நா எழவில்லை. சினங்கொண்டு, அப்பாடம் முடியும்வரை அவனை வாங்கின்மேல் நிற்க வைத்தோம்.

அந்தச் சனிக்கிழமை சந்தைக்குச் சென்றோம். அங்கே தந்தையின் பக்கத்தில், ஒரு கூடை தேசிக்காயுடன் அவன் அமர்ந்திருந்தான். அம்மையார் ஒருவர் நாற்பது காய் கேட்டார். கைக்கு ஐந்தாக எட்டு முறை அள்ளிப் பையிலிட்டு, "சரி அம்மா, நாற்பது" என்றான். எம்மைக் கண்டதும் தலை குனிந்தான்.

அருகிற் சென்று, "தம்பி, கைக்கு ஏழாக எட்டு முறை அள்ளினால் எத்தனை?" என்றோம். சிறிது யோசித்தான். "ஐந்தைந்தாக எட்டுக் கைக்கு நாற்பது, சேர். மிச்சம் இரண்டிரண்டாகப் பதினாறு. எல்லாம் ஐம்பத்தாறு."

தலை குனிய வேண்டியவர் நாமே அன்றோ! ஏழின் மடங்கை ஐந்தின் மடங்காகவும் இரண்டின் மடங்காகவும் பிரித்துக் கூட்டும் நுட்பத்தை அறிந்தவனையே கணக்கறியாதவன் என்று தண்டித்திருந்தோம்.

இதனால் மனனம் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. முன்னாளில் திண்ணைப் பள்ளிக்கூடங்களிலே பிள்ளைகள் எண்சுவடியை உரத்து ஓதி மனனஞ் செய்தனர். முழு எண்களின் வாய்பாடு மட்டுமன்றி, மா எனப்படும் 1/20, காணி எனப்படும் 1/80, முந்திரி எனப்படும் 1/320 ஆகிய கீழ்வாய்க் கணக்குகளும் அக்கல்வியில் அடங்கின. நெல்லளக்கவும் நிலமளக்கவும் அவை பயன்பட்டன. ஓதிய எண்ணுக்குக் கண்முன்னே பொருள் இருந்தது. இக்காலத்திற் கைத்தொலைபேசியே பெருக்கித் தந்துவிடும். ஆயினும், விரல் தவறி அழுத்தியதால் விடை பிழைத்தால், அதனைக் கண்டுபிடிக்க நெஞ்சில் வாய்பாடு இருத்தல் வேண்டும்.

பெற்றோர் அஞ்சுமளவுக்கு இஃது பெருஞ்சுமையுமன்று. 1 முதல் 10 வரையுள்ள வாய்பாடுகளைப் பத்து மடங்கு வரை எழுதினால் விடைகள் 100. ஒன்றாம் வாய்பாட்டையும் பத்தாம் வாய்பாட்டையும் வருந்திக் கற்க வேண்டியதில்லை. இரண்டையும் ஐந்தையும் பிள்ளைகள் எளிதிற் பற்றிக்கொள்வர். ஏழெட்டும் எண்ணேழும் ஒன்றே என்று உணர்ந்துவிட்டால், எஞ்சுவன 21 மாத்திரமே. நாளுக்கு ஒன்றாக மூன்று வாரத்திற் கற்றுவிடலாம்.

ஒன்பதாம் வாய்பாட்டுக்கு ஓர் எளிய வழியுண்டு. 18, 27, 36, 45 என வரும் விடைகளின் இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தால், தொண்ணூறு வரையும் ஒன்பதே வரும். பத்து மடங்கிலிருந்து ஒரு மடங்கைக் கழித்தாலும் விடை கிடைக்கும்: ஆறொன்பது, அறுபதில் ஆறு குறைய 54. ஏழாம் வாய்பாட்டுக்குச் சுவரிலே தொங்கும் நாட்காட்டி போதும். மாதத்தின் 7ஆம் நாள் வெள்ளியாயின், 14, 21, 28 ஆகியனவும் வெள்ளியே. அதனைப் பிள்ளையே கண்டு சொல்லட்டும்.

மாலையில் விளக்கேற்றியபின் பத்து நிமிடம் பிள்ளையுடன் அமருங்கள். வரிசையாக ஒருமுறை ஓதுவித்தபின், வரிசையை மாற்றிக் கேளுங்கள். தடுமாறினால் அதட்டாதீர்கள், "உனக்குத் தெரிந்த பக்கத்து விடை எது? அதிலிருந்து வா" என்று சொல்லுங்கள். அச்சங் குடிகொண்ட நெஞ்சில் எண் தங்குவதில்லை.

திங்கட்கிழமை அம்மாணவனைக் கரும்பலகைக்கு அழைத்து, சந்தையிற் சொன்ன வழியை வகுப்பாருக்கு விளக்குமாறு கேட்டோம். முதலில் தயங்கினான், பின்னர்த் தெளிவாகவே விளக்கினான். அவன் முன்பு நின்ற வாங்கிலே அமர்ந்து அன்று நாம் பாடங் கேட்டோம்.