மறைத்தது வேறு, வெட்டியது வேறு

கல்யாணப் பத்திரிகை, அறுபதாம் கல்யாணம், நினைவஞ்சலி போஸ்டர், கும்பாபிஷேக பிளக்ஸ் என்று ஏதோ ஒன்றுக்காக நாம் எல்லோரும் டிசைன் கடைக்குப் போகிறோம். அப்பா அம்மா படத்தைக் கொடுக்கிறோம். கடைத் தம்பி அதை நீள்வட்டத்துக்குள் அழகாக உட்கார வைத்து, "வெக்டர் ஃபைலாவே குடுத்துட்டேன் சார், எவ்வளவு பெரிசா வேணும்னாலும் அடிச்சுக்கலாம்" என்கிறார். அவர் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதி நம் கைக்காசுக்கும், சில சமயம் மானத்துக்கும் வேட்டு வைக்கும். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

பழைய அச்சகக் கணக்கில் சொன்னால் நம் வயதுக்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். ஈய எழுத்துக் காலத்தில் படம் அச்சிட பிளாக் வேண்டும். கோட்டுப் படத்துக்கு லைன் பிளாக். புகைப்படத்துக்கு ஹாஃப்டோன் பிளாக். அது முழுக்கப் புள்ளிகள். பழைய பத்திரிகைப் படத்தை பூதக்கண்ணாடியில் பார்த்தவர்களுக்கு அந்தப் புள்ளிகள் ஞாபகம் இருக்கும்.

கம்ப்யூட்டரிலும் இதே இரண்டு வகைதான். வெக்டர் என்பது கோடு. எங்கே தொடங்கி, எப்படி வளைந்து, எங்கே முடிகிறது என்ற கணக்கு மட்டும் ஃபைலில் இருக்கும். எவ்வளவு பெரிதாக்கினாலும் கணக்கை மறுபடி போட்டுக் கூர்மையாக வரைந்துவிடும். புகைப்படம் அப்படியல்ல. அது எண்ணி வைத்த புள்ளிகள். 1,200 புள்ளி அகலமுள்ள படம், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 4 அங்குல அகலத்தில் பளிச்சென்று அச்சாகும். அதையே 4 அடிக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 25 புள்ளிதான் மிஞ்சும். தூரத்திலிருந்து பார்க்கும் பிளக்ஸுக்கு ஏதோ ஒப்பேறலாம். பக்கத்தில் நின்று பார்த்தால் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும்.

இதில் நாம் ஏமாறுவது ஃபைலின் பெயரைப் பார்த்துத்தான். இபிஎஸ், 1993-ல் வந்த பிடிஎஃப், 2001-ல் இணையத்துக்கான தரமாக அங்கீகாரம் பெற்ற எஸ்விஜி ஆகியவை வெறும் உறைகள். கோட்டையும் சுமக்கும், புகைப்படத்தையும் சுமக்கும். உறைக்குள் போனதற்காகப் புகைப்படம் கோடாக மாறிவிடாது. 'ட்ரேஸ்' என்று ஒரு வசதி உண்டு, படத்தைக் கோடுகளாக மாற்றும். சங்கத்தின் சின்னத்துக்கு அது நல்லது. அம்மாவின் முகத்துக்கு வேண்டாம். மெழுகு பொம்மை மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது மாஸ்க். ஆஃப்செட் அச்சகத்தில் மாஸ்கிங் ஷீட்டில் ஜன்னல் வெட்டி, அதற்குப் பின்னால் நெகட்டிவை ஒட்டுவார்கள். ஜன்னலில் தெரிகிற பகுதி மட்டும் அச்சாகும். ஷீட்டை உரித்தால் முழு நெகட்டிவும் இருக்கும். கோரல்டிராவில் பவர்கிளிப் என்றும் இல்லஸ்ட்ரேட்டரில் கிளிப்பிங் மாஸ்க் என்றும் சொல்வது இதே ஜன்னலைத்தான். நீள்வட்டத்துக்கு வெளியே இருப்பது கண்ணுக்குத் தெரியாதே தவிர, பல சமயம் ஃபைலை விட்டுப் போயிருக்காது. பிடிஎஃப்பாகவோ எஸ்விஜியாகவோ மாற்றினாலும் படம் முழுதாகவே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். மென்பொருள் தெரிந்தவர் யாராவது ஜன்னலைக் கழற்றினால் எல்லாம் வெளியே வந்துவிடும்.

வந்தால் என்ன என்று கேட்கலாம். எங்கள் சொந்தத்தில் ஒரு அறுபதாம் கல்யாணப் பத்திரிகை. பழைய குரூப் போட்டோவிலிருந்து தம்பதியை மட்டும் எடுத்து வட்டத்துக்குள் போட்டிருந்தார்கள். அந்த ஃபைலை வேறோர் அச்சகத்தில் திறந்தபோது வட்டம் காணாமல் போய் முழுப் படமும் வந்துவிட்டது. கூடவே, குடும்பத்தோடு பேச்சுவார்த்தை இல்லாத ஒருவரின் முகமும். புரூஃப் தாள் நாலு வீடு சுற்றிய பிறகுதான் கவனித்தார்கள். அந்தச் சங்கடத்தை விவரிக்க வேண்டியதில்லை. ஆதார் நகலில் எண் மீது கறுப்புக் கட்டம் வைத்து பிடிஎஃப் அனுப்புகிறவர்களுக்கும் இதே ஆபத்துதான். கட்டத்தை நகர்த்தினால் எண் கீழே இருக்கும். கடைசி 4 இலக்கம் மட்டும் தெரிகிற ஆதாரை ஆதார் ஆணையமே தருகிறது. அதை இறக்கி அனுப்புவதுதான் பத்திரம்.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. ஓரம் புகை போல மங்கி மறைகிற மாஸ்க்கைப் பார்த்திருப்பீர்கள். நினைவஞ்சலிப் படங்களில் நிறைய வரும். இபிஎஸ்ஸுக்கு அப்படிப் பாதி ஒளி ஊடுருவுகிற வசதியே கிடையாது. அதில் மாற்றும்போது பின்னணியையும் படத்தையும் சேர்த்துத் தட்டையாக்கிவிடும். இல்லாவிட்டால் மங்கல் போய் வெள்ளைச் சதுரம் நிற்கும். பிடிஎஃப்பும் எஸ்விஜியும் இந்த மங்கலைத் தாங்கும். ஆகவே மங்கல் ஓரம் உள்ள வேலைக்கு பிடிஎஃப் கேட்பதுதான் சரி.

என் கருத்து இதுதான்: மாஸ்க் போடுவதோடு டிசைன் செய்பவரின் வேலை முடியவில்லை. முடிவான ஃபைலைக் கொடுக்குமுன், மறைத்த பகுதியை நிஜமாகவே வெட்டி எறிந்துவிட்டுக் கொடுக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. ஃபைலின் கனமும் குறையும். "கஸ்டமருக்கு இதெல்லாம் புரியாது" என்று விடுவது நியாயமில்லை. புரியாதவர் நம்பிக் கொடுத்த படம் என்பதால்தான் கூடுதல் கவனம் வேண்டும். அவசரத்தில் இருபது வேலை பார்க்கிற பிள்ளைகள் என்பது எனக்கும் தெரியும். எனவே கேட்க வேண்டிய பொறுப்பு நமக்கும் இருக்கிறது.

பணம் கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். படம் ஃபைலுக்குள்ளேயே சேர்ந்திருக்கிறதா, அல்லது கடைக் கம்ப்யூட்டரில் இருக்கும் படத்துக்கு வெறும் இணைப்பா? இணைப்பு என்றால் வேறு இடத்தில் திறக்கும்போது படம் வராமல் போகலாம். மறைத்த பகுதி வெட்டப்பட்டதா? நான் கொடுத்த மூலப் படத்தை, குறைக்காமல், தனியாகத் திருப்பித் தருவீர்களா?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். பத்திரிகை ஒரு வாரத்தில் பழைய பேப்பரோடு போய்விடும். அப்பா அம்மாவுக்கு இருப்பது அந்த ஒரே படமாக இருக்கலாம். பேரப்பிள்ளைகளுக்கு முழுதாக மிஞ்ச வேண்டியது அதுதான்.