பயமா இருந்துச்சா?

"முக்கால்வாசி வரைக்கும் செம. முடிவுலதான் சொதப்பிட்டாரு."

ஸ்டீபன் கிங்கைப் பற்றி ஐந்து பேர் உட்கார்ந்து பேசினால் மூன்றாவது நிமிடத்தில் இந்த வாக்கியம் வந்துவிடும். கூடவே "இருநூறு பக்கம் வெட்டியிருக்கலாம்". அப்புறம் யாராவது ஒருவர், கொஞ்சம் பெருமையாகவே, "எனக்கெல்லாம் பயமே வரலைப்பா" என்பார். கல்லூரி முடித்த வருடத்திலிருந்து கிங்கைப் படிக்கிறேன். ஆபீஸ் கேன்டீனிலும் புத்தகக் கண்காட்சி வரிசையிலும் இதையே கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. முடிவைப் பற்றிய புகார் அமெரிக்காவிலும் எவ்வளவு பழசு என்றால், 2019-இல் வந்த 'இட்: சாப்டர் டூ' படத்தில் அதையே ஜோக்காக வைத்துவிட்டார்கள். கதையில் வரும் எழுத்தாளனுக்கு ஒழுங்காக முடிவு எழுத வராது. அதை அவன் முகத்துக்கு நேராகச் சொல்லும் பழைய சாமான் கடைக்காரராக நடித்தவர் சாட்சாத் கிங்.

அவர் அதைச் சிரித்துக் கடந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு நாவலைப் பற்றிப் பேச நமக்கு இருக்கும் அளவுகோல்கள் இவ்வளவுதானா என்றுதான் தோன்றுகிறது. பயம் எத்தனை கிராம், பக்கம் எத்தனை, கடைசியில் பார்சல் சேதமில்லாமல் வந்ததா. மிக்ஸி வாங்கியவர் எழுதும் விமர்சனத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

'பெட் செமட்டரி'யை எடுத்துக்கொள்வோம். எழுபதுகளின் கடைசியில் கிங், மெய்ன் பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் பாடம் நடத்தப்போனபோது ஆரிங்டன் என்ற ஊரில் வாடகைக்கு இருந்தார். வீட்டுக்கு முன்னால் லாரிகள் பறக்கும் சாலை. மகளின் பூனை அந்தச் சாலையில் செத்தது. சின்ன மகன் ஒருநாள் அதே சாலையை நோக்கி ஓடினான், அவன் பிழைத்துக்கொண்டான். பிழைக்காமல் போயிருந்தால் என்ற கேள்விதான் நாவல். எழுதி முடித்துவிட்டு, இது ரொம்பவே இருட்டு என்று உள்ளே வைத்துவிட்டார். பழைய பதிப்பகத்தோடு இருந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள வேண்டியிருந்ததால்தான் 1983-இல் அது வெளியே வந்தது.

இந்த நாவலைப் பற்றி நான் அதிகம் கேட்ட குறை, "என்ன நடக்கப்போகுதுன்னு முன்னாடியே தெரிஞ்சுடுது". தெரிகிறதுதான். கிங்கே சொல்லிவிடுகிறாரே! அப்பா லூயிஸ், இரண்டு வயது மகன் கேஜுக்குப் பட்டம் விடச் சொல்லித்தரும் ஒரு காட்சி வருகிறது. காற்று, வயல்வெளி, நூலைப் பிடித்துக்கொண்டு குழந்தை சிரிக்கும் சத்தம். அந்தச் சிரிப்பின் நடுவிலேயே, இந்தக் குழந்தைக்கு இன்னும் இரண்டு மாதம்கூட ஆயுள் இல்லை என்று போகிற போக்கில் ஒரு தகவலைப் போட்டுவிடுகிறார். சஸ்பென்ஸை நம்பிப் பிழைக்கும் எழுத்தாளன் செய்யும் காரியமா இது? கையிலிருந்த சீட்டைத் தானே மேஜையில் கவிழ்த்துவிட்டார். அதற்குப் பிறகு 'என்ன நடக்கும்' என்பதற்கு மதிப்பே இல்லை. நீங்கள் அந்தப் பட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

லூயிஸ் ஒரு டாக்டர். சாவை வேலையாகப் பார்த்தவர். புதைத்த பூனை திரும்பி வந்தபோது அது பழைய பூனை இல்லை, நாற்றம் அடிக்கிறது, எலியைக் கிழித்துப் போடுகிறது என்று நன்றாகத் தெரிந்தவர். எல்லாம் தெரிந்தும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மகனின் கல்லறைக்குக் கிளம்புகிறார். ஒவ்வொரு படியிலும் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் காரணங்கள் எவ்வளவு நியாயமாக இருக்கின்றன என்று பாருங்கள். சரியில்லாமல் வந்தால் திரும்பவும் நானே முடித்துவிடுகிறேன் என்பது வரைக்கும் யோசித்து வைத்திருக்கிறார். பேய் வருகிறதா என்று காத்திருப்பவருக்கு இந்தப் பக்கங்கள் இழுவை. பிள்ளையைப் பெற்றவர் எவரும் இதைப் பகலில்கூட நிம்மதியாகப் படிக்க முடியாது. "பயமே வரலை" என்று சொல்பவரிடம் நான் சண்டைக்குப் போவதில்லை. எதற்காகக் காத்திருந்தீர்கள் என்று மட்டும் கேட்பேன்.

முடிவு விஷயத்துக்கு வருகிறேன். 'தி ஷைனிங்' 1977. குடியை நிறுத்திய வாத்தியார் ஜாக் டோரன்ஸ், குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும் மலை ஹோட்டலுக்குக் காவலாளியாகப் போகிறார். மாணவனை அடித்து வேலை போயிருக்கிறது. குடிபோதையில் மகனின் கையை உடைத்திருக்கிறார். இது கடைசி வாய்ப்பு. அங்கே அவருடைய முக்கியமான வேலை, நிலவறையில் இருக்கும் பழைய பாய்லரின் அழுத்தத்தை நாள்தோறும் பார்த்து இறக்கிவிடுவது. மறந்தால் முள் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும். நாவலின் ஆரம்ப அத்தியாயங்களிலேயே இதைச் சொல்லிவிடுகிறார்கள். சர்வர் பராமரிப்பில் ராத்திரி டியூட்டி பார்த்தவர்களுக்கு இந்த பாய்லரை உடனே புரியும். பெரிய விபத்துகளுக்குப் பின்னால் பெரும்பாலும் யாரோ பார்க்க மறந்த ஒரு முள்தான் இருக்கும். கடைசியில் பாய்லர் வெடிக்கிறது. வெடித்தே ஆக வேண்டும், ஏனென்றால் அந்த பாய்லர் ஜாக்கேதான். வெடிப்பதற்குச் சற்று முன்னால் ஒரு கணம் அப்பாவாகத் திரும்பி வந்து மகனை ஓடச் சொல்கிறார். குப்ரிக்கின் 1980 படத்தில் பாய்லருக்கு இந்த வேலை இல்லை, ஜாக் பனியில் உறைந்து சாகிறார். படம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் படத்தின் முடிவை மனதில் வைத்துக்கொண்டு நாவலின் முடிவை "சப்பை" என்று சொல்பவர்கள், முந்நூறு பக்கமாக ஏறிக்கொண்டிருந்த முள்ளைப் பார்க்கவே இல்லை.

"வெட்டியிருக்கலாம்" கட்சிக்கும் ஒரு வார்த்தை. 'தி ஸ்டாண்ட்' 1978-இல் வந்தபோது பதிப்பகம் நானூறு பக்கம் அளவுக்கு உண்மையிலேயே வெட்டியது. காரணம் கலை இல்லை, அச்சுச் செலவு. 1990-இல் வெட்டியதைத் திரும்பச் சேர்த்துப் போட்டார்கள். அந்தத் தடிமன் புத்தகத்தைத்தான் இன்றைக்கும் எல்லோரும் வாங்குகிறார்கள், வாங்கிவிட்டு வெட்டியிருக்கலாம் என்கிறார்கள்.

'இட்' ஆயிரத்து நூறு பக்கத்துக்கு மேல். கோமாளி வரும் பக்கங்களை மட்டும் சேர்த்தால் ஒரு சின்னப் புத்தகம்தான் தேறும். மீதி? டெர்ரி என்ற ஊர். 1984 ஜூலையில், கிங் வசித்த பாங்கோர் நகரத்தில், சார்லி ஹோவர்ட் என்ற இளைஞரைத் தன்பால் ஈர்ப்பாளர் என்பதற்காக மூன்று பையன்கள் பாலத்திலிருந்து ஆற்றில் வீசினார்கள். அவர் மூழ்கி இறந்தார். 1986-இல் வந்த நாவலில் அதே போன்ற கொலை ஆரம்பத்திலேயே வருகிறது. பாலத்துக்கு அடியில் ஒரு கோமாளியைப் பார்த்ததாகச் சாட்சி சொல்கிறார்கள். வழக்கு கெட்டுவிடும், அதை விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிடுகிறார்கள் போலீஸ்காரர்கள். கோமாளி இல்லாமலேயே வழக்கு முழுமையாக இருக்கிறது என்பதுதான் குரூரம். அப்புறம், கறுப்பினப் படைவீரர்கள் கூடும் 'பிளாக் ஸ்பாட்' என்ற மன்றத்தை வெள்ளைக்காரக் கும்பல் தீவைத்துக் கொளுத்தும் நீண்ட பகுதி. அப்புறம், ரவுடிப் பையன்கள் ஒரு சிறுமியைத் துரத்தும்போது வீட்டு வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து, பேப்பரை மடித்துக்கொண்டு, பேசாமல் உள்ளே போகிற இடம். இரண்டே வரி. என்னைப் பொறுத்தவரை அந்த நாவலின் மிகப் பயங்கரமான இடம் அதுதான். அந்த மடித்த பேப்பருக்கு எடை வேண்டுமென்றால் ஊர் முழுக்க நாம் நடந்திருக்க வேண்டும். வெட்டச் சொல்பவர்கள் எதை வெட்டச் சொல்கிறார்கள்? தீவைப்பையா, பேப்பரையா?

இப்படிச் சொல்வதால் கிங் எழுதிய எல்லாமே தங்கம் என்று நான் சொல்லவில்லை. அவரை அளக்க அவரே ஒரு கோல் கொடுத்திருக்கிறார், அதுவும் ஒரு பைத்தியக்கார வாசகியின் வாயால். 'மிசரி'யில் (1987) ஆனி வில்க்ஸ், கால் உடைந்த எழுத்தாளனைத் தன் வீட்டில் அடைத்துவைத்து, கொன்றுவிட்ட கதாநாயகியை உயிர்ப்பித்து எழுதச் சொல்கிறாள். அவன் அவசரத்தில் ஒரு சமாளிப்பை எழுதிக் கொடுக்கிறான். அவள் அதை ஏற்கவில்லை. சின்ன வயதில் வாராவாரம் பார்த்த தொடர் படத்தை உதாரணம் காட்டுகிறாள்: போன வாரம் ஹீரோ காருக்குள் இருக்கும்போதே கார் மலையிலிருந்து விழுந்தது, இந்த வாரம் அவன் முன்பே வெளியே குதித்துவிட்டதாகக் காட்டினார்கள். தியேட்டரில் எழுந்து நின்று கத்தியிருக்கிறாள். நம்பமுடியாதது நடந்தால் அவளுக்குப் பிரச்சினை இல்லை. ஏமாற்றக் கூடாது, அவ்வளவுதான். அவளைப் போல நாம் கோடரி தூக்க வேண்டியதில்லை. ஆனால் வாசிப்பில் அவளுடைய நேர்மையில் பாதியாவது நமக்கு இருக்கலாம்.

அந்தக் கோலால் அளந்தால் கிங் நிறைய இடங்களில் மாட்டுகிறார். 'தி ஸ்டாண்ட்' முடிவில் அணுகுண்டு வந்து சேர்வதற்கான காரணம் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு முன்பே விதைக்கப்பட்டிருக்கிறது. அதை வெடிக்கவைக்க வானத்திலிருந்து இறங்கும் கைக்கு அப்படி எந்த விதையும் இல்லை. 'அண்டர் தி டோம்' (2009), ஒரு சின்ன ஊரின் அரசியல்வாதி எப்படிச் சர்வாதிகாரி ஆகிறான் என்பதை அவ்வளவு கூர்மையாகச் சொல்லிவிட்டு, வேற்றுக்கிரகப் பிள்ளைகளின் விளையாட்டு என்று முடிகிறது. அந்த அரசியலுக்கும் இந்த விளையாட்டுக்கும் ஒட்டவே இல்லை. 'இட்' நாவலில் பிள்ளைகள் சாக்கடையிலிருந்து வெளியேற வழி கண்டுபிடிக்கும் அந்தக் காட்சிக்கு எந்த ஜென்மத்திலும் நியாயம் கிடையாது, படித்தவர்களுக்குத் தெரியும். இவையெல்லாம் "முடிவு சொதப்பல்" என்ற ஒரே மூட்டையில் கட்டும் விஷயங்கள் இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனித் தவறு.

இலக்கியக் காவலர்களையும் சும்மா விட முடியாது. 2003-இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக அறக்கட்டளை கிங்குக்கு வாழ்நாள் பங்களிப்புப் பதக்கம் கொடுத்தபோது ஹரால்ட் ப்ளூம் பத்திரிகையில் எழுதிக் கொதித்தார். கிங் மேடையில், நீங்கள் கண்டுகொள்ளாத வெகுஜன எழுத்தாளர்களையும் படியுங்கள் என்று பெயர்களை அடுக்கினார். அதே இரவு நாவலுக்கான பரிசை வாங்கிய ஷெர்லி ஹசார்ட், யாரும் வாசிப்புப் பட்டியல் தரத் தேவையில்லை என்ற அர்த்தத்தில் பதில் சொன்னார். இரண்டு தரப்பும் பதக்கத்தைப் பற்றியும் பட்டியலைப் பற்றியும் பேசினார்கள். மடித்த பேப்பரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

கிங்கிடம் உண்மையாகவே சண்டை போட வேண்டிய இடம் வேறு. ஷைனிங்கில் சமையல்காரர் டிக் ஹாலரன், வெள்ளைக்காரச் சிறுவனைக் காப்பாற்ற ஃப்ளோரிடாவிலிருந்து கொலராடோ பனிப்புயலுக்குள் வருகிறார். (நாவலில் அவர் பிழைக்கிறார். கோடரியால் வெட்டிக் கொன்றது குப்ரிக்.) தி ஸ்டாண்டில் நூற்றெட்டு வயது மதர் அபிகெயில். 'தி க்ரீன் மைல்' நாவலில் தன் பெயரை மட்டும் எழுதத் தெரிந்த ஜான் காஃபி, எல்லோருடைய நோயையும் குணப்படுத்திவிட்டு, செய்யாத கொலைக்காக மின்சார நாற்காலியில் உட்கார்கிறார். எல்லோரும் கறுப்பினத்தவர்கள். எல்லோரிடமும் ஒரு மந்திர சக்தி. எல்லோருடைய சக்தியும் வேறு யாருக்கோ பயன்படுகிறது. இயக்குநர் ஸ்பைக் லீ 2001-லேயே, க்ரீன் மைல் படத்தையும் சேர்த்து, இந்த அச்சுவார்ப்பைக் கடுமையாகச் சாடினார். இட் நாவலின் மைக் ஹான்லனையும் பாருங்கள். ஏழு நண்பர்களில் ஒரே கறுப்பினத்தவன் அவன்தான். மற்ற ஆறு பேரும் ஊரைவிட்டுப் போய்ச் சம்பாதித்து, எல்லாவற்றையும் மறந்துவிடுகிறார்கள். மைக் மட்டும் டெர்ரியிலேயே நூலகராக இருந்து எல்லோருக்காகவும் ஞாபகம் வைத்துக்கொள்கிறான். பிளாக் ஸ்பாட் தீவைப்பை அப்பா வாயிலிருந்து கேட்டு எழுதி வைப்பவனும் அவன்தான். கடைசிப் போர் நடக்கும்போது அவன் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடக்கிறான்.

அந்தத் தீயை அத்தனை அக்கறையோடு எழுதிய கைதான் மைக்கைப் படுக்கையிலும் போட்டது. ஏன் என்று யாராவது கேட்பார்கள் என்று ஒவ்வொரு வாசகர் கூட்டத்திலும் காத்திருக்கிறேன். அங்கே இன்னமும், கடைசியில் வந்த சிலந்தி போதுமான அளவுக்குப் பெரிதாக இருந்ததா என்ற விவாதம் முடிந்தபாடில்லை.